ஒரு ஷிஃப்டில் 160 முறை கைசுத்தம்: நர்ஸ்களின் கைகளுக்கு என்ன ஆகிறது?

சில வருடங்களுக்கு முன்பு பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருந்தேன். என் ரூம்மேட் தர்மபுரிக்காரர். ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ். மற்ற நாட்களில் கையால் சாப்பிடுகிறவர், எலுமிச்சை சாதம் போடும் நாளில் மட்டும் மெஸ் அண்ணனிடம் ஸ்பூன் கேட்பார். "கைல புளிப்பு பட்டா உயிர் போகுதுப்பா" என்பார்.

விரல் இடுக்குகளில் வெடிப்பு. முட்டிகளில் சிவந்து, தோல் உரிந்து, சில நாட்களில் லேசாக ரத்தம் கசியும். "இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொல்லலாமே?" என்று கேட்டேன். "சொன்னா ஐ.சி.யூ.ல இருந்து மாத்திடுவாங்க. இது யாருக்குத்தான் இல்ல?" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தூங்கிவிட்டார்.

யாருக்குத்தான் இல்லை? இந்தக் கேள்விக்கு எண்களில் பதில் இருக்கிறது. அந்த எண்கள் நர்ஸ்களின் கைகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. அந்தக் கைகள் தொடும் நோயாளிகளைப் பற்றியும் பேசுகின்றன.

கை எக்ஸிமா என்றால் என்ன?

எக்ஸிமாவைத் தமிழில் கரப்பான் என்பார்கள். தோல் வறண்டு, சிவந்து, அரித்து, வெடிக்கும். சிலருக்குச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வரும். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. முதலில் தெளிவாக வேண்டிய விஷயம் இதுதான், ஏனென்றால் இந்தப் பயத்தினாலேயே பலர் கையை மறைத்துக்கொள்கிறார்கள்.

மருத்துவப் பணியாளர்களுக்கு வரும் கை எக்ஸிமாவில் இரண்டு வகைகள் முக்கியம்.

• எரிச்சல் வகை: சோப்பு, தண்ணீர், கிருமிநாசினி, வியர்வை ஆகியவை திரும்பத் திரும்பப் பட்டு தோல் தேய்ந்துபோவதால் வருவது. பெரும்பான்மை இதுதான். யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்.

• ஒவ்வாமை வகை: கையுறையில் இருக்கும் ரப்பர் ரசாயனங்கள், வாசனைப் பொருட்கள், சில கிருமிநாசினிகள் போன்ற ஒரு குறிப்பிட்ட பொருளை உடலின் எதிர்ப்பு சக்தி எதிரியாக முடிவு செய்துவிடுவது. ஒருமுறை இந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே போதும்.

சின்ன வயதில் ஆஸ்துமா, அடோபிக் எக்ஸிமா போன்ற பிரச்னை இருந்தவர்களுக்குத் தோலின் தடுப்புச் சுவர் பிறப்பிலேயே பலவீனமாக இருக்கக்கூடும். நர்ஸிங் படிப்பில் சேரும்போதே இவர்கள் கைகளைக் கூடுதலாகக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை பேருக்கு வருகிறது?

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 'கான்டாக்ட் டெர்மடைட்டிஸ்' மருத்துவ இதழில் வெளிவந்த அலசல்களின்படி, பொதுமக்களில் சுமார் 7 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது கை எக்ஸிமா வருகிறது. மருத்துவப் பணியாளர்களில் இது சுமார் 3 பேரில் ஒருவர். அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்.

கொரோனா காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. சீனாவின் ஹூபே மாகாணத்தில் முன்களப் பணியில் இருந்த 542 மருத்துவப் பணியாளர்களிடம் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில், 97 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைத் தோல் பாதிப்பைச் சொன்னார்கள். முகக்கவசம் அழுத்தும் மூக்குத்தண்டுதான் முதலிடம். ஆனால் நான்கில் மூன்று பேர் கைகளையும் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 10 முறைக்கு மேல் கை கழுவியவர்களுக்குக் கை பாதிப்பு அதிகமாக இருந்தது.

10 முறைக்கே இப்படி என்றால், ஐ.சி.யூ.வில் எத்தனை முறை?

160 என்ற கணக்கு எப்படி வந்தது?

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட கைசுத்த வழிகாட்டுதல்தான் இன்று உலகம் முழுக்க மருத்துவமனைகளுக்கு அடிப்படை. கைசுத்தம் செய்ய வேண்டிய 'ஐந்து தருணங்களை' அது சொல்கிறது:

1. நோயாளியைத் தொடுவதற்கு முன்
2. ஊசி, டியூப் போன்ற சுத்தமான செயல்முறைக்கு முன்
3. ரத்தம், சிறுநீர் போன்ற உடல் திரவங்கள் படும் வாய்ப்புக்குப் பின்
4. நோயாளியைத் தொட்ட பின்
5. நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின்

ஒரு நர்ஸுக்கு இந்தத் தருணங்கள் எத்தனை முறை வரும்? அதே ஆவணம் ஒரு சராசரி சொல்கிறது. குழந்தைகள் வார்டில், நோயாளியைக் கவனிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 8 முறை. ஐ.சி.யூ.வில் 20 முறை.

இதை 8 மணி நேர ஷிஃப்டுக்குப் பெருக்கினால் 160. சரியாகக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. ஆல்கஹால் ஹேண்ட் ரப் என்றால் 20 முதல் 30 விநாடி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்:

• 160 முறையும் சோப்பு போட்டுக் கழுவினால்: 1 மணி 47 நிமிடம் முதல் 2 மணி 40 நிமிடம் வரை
• 160 முறையும் ஹேண்ட் ரப் பயன்படுத்தினால்: 53 நிமிடம் முதல் 1 மணி 20 நிமிடம் வரை

இது என் கூட்டல் பெருக்கல்தான். ஷிஃப்ட் முழுக்க இடைவிடாமல் நோயாளியின் அருகிலேயே இருந்தால் வரும் உச்சக் கணக்கு. டீ, ஃபைல், போன் எல்லாம் போக பாதி என்றே வைத்துக்கொள்வோம். 80 முறை. தொழில்சார் தோல் மருத்துவத்தில் 'ஈர வேலை' என்று ஒரு அளவுகோல் உண்டு. ஜெர்மனியில் பல காலமாகப் புழங்கிய வரையறைப்படி, ஒரு ஷிஃப்டில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரமாக இருந்தாலோ, 2 மணி நேரத்துக்கு மேல் கையுறை போட்டிருந்தாலோ, அடிக்கடி, அதாவது சுமார் 20 முறைக்கு மேல் கை கழுவினாலோ அது தோலுக்கு ஆபத்தான வேலை. நம் பாதிக் கணக்கே அந்த எல்லையைப் போல நான்கு மடங்கு.

ஆக, என் ரூம்மேட்டின் கை வெடித்தது அவர் கவனக்குறைவால் இல்லை. தன் வேலையைச் சரியாகச் செய்ததால்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். இறந்த செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையில் இருக்கும் கொழுப்புகள் சிமெண்ட். சோப்பின் வேலையே கொழுப்பைக் கரைப்பது. அழுக்கில் இருக்கும் கொழுப்பு எது, சுவரில் இருக்கும் கொழுப்பு எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று, நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பி.ஹெச். அளவு 5-க்குப் பக்கத்தில் இருக்கும். சாதாரண சோப்புக்கட்டி காரத்தன்மை கொண்டது, 9 அல்லது 10. ஒருமுறை கழுவினால் தோல் தானாகச் சரிசெய்துகொள்ளும். அது சரியாவதற்குள் அடுத்தடுத்து கழுவினால், பூச்சு காய்வதற்குள் மழை பெய்த சுவர்தான். வெளியில் பார்க்க ஆறியது போலத் தெரிந்தாலும், உள்ளே தடுப்புச் சுவர் முழுமையாக மீள வாரக்கணக்கில் ஆகும்.

பெங்களூருவில் கூடுதலாக என்ன?

இரண்டு விஷயங்கள். முதலாவது காற்று. டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை இங்கே காற்றில் ஈரப்பதம் குறைவு. சென்னையிலிருந்து இங்கே வந்த முதல் வருடம் உதடு வெடித்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். ஏற்கனவே தேய்ந்திருக்கும் தோல், இந்த மாதங்களில் இன்னும் வேகமாகத் தண்ணீரை இழக்கும்.

இரண்டாவது தண்ணீர். இந்த நகரத்தில் காவிரி நீர் வராத இடங்கள் போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பியிருக்கின்றன. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கலாம். போர்வெல் நீர் பொதுவாகக் கடினநீர். அதில் சோப்பு நுரைக்காது, அதனால் அதிகம் போடுவோம். கழுவினாலும் முழுதாகப் போகாது. கடினநீரில் கழுவும்போது சோப்புப் பொருள் தோலில் அதிகமாகத் தங்கி எரிச்சலைக் கூட்டுகிறது என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் காட்டினார்கள். வார்டு பைப்பில் வருவது காவிரியா, டேங்கர் நீரா என்பது தோல் மருத்துவக் கேள்வியும்கூட.

இதனால் நோயாளிக்கு என்ன ஆபத்து?

உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, பணக்கார நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், இந்தியா போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் 100-க்கு 15 பேருக்கும் அங்கேயே புதிதாக ஒரு தொற்று வருகிறது. கைசுத்தமும் மற்ற தொற்றுத் தடுப்பு முறைகளும் சரியாக இருந்தால் இவற்றில் 70 சதவீதத்தைத் தடுக்கலாம் என்கிறது அந்த அறிக்கை.

இதில் வெடித்த கை இரண்டு இடங்களில் குறுக்கே வருகிறது.

ஒன்று, வெடித்த தோலில் கிருமிகள் எளிதாகக் குடியேறும். டென்மார்க்கில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், கை எக்ஸிமா இருந்த 50 பேரையும் இல்லாத 50 பேரையும் ஒப்பிட்டார்கள். சீழ்ப்புண், ரத்தத் தொற்று வரை உண்டாக்கக்கூடிய ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா, எக்ஸிமா இருந்தவர்களில் 24 பேரின் கையில் இருந்தது. இல்லாதவர்களில் 4 பேரின் கையில்.

இரண்டு, கை எரிந்தால் யாரும் கழுவமாட்டார்கள். ஆல்கஹால் பட்டதும் சுரீர் என்று குத்தும் கையோடு, அடுத்த படுக்கைக்குப் போகும் முன் டிஸ்பென்சரை அழுத்த மனசு வராது. இதை ஒழுக்கக் குறைவு என்று பார்ப்பதில் அர்த்தமில்லை.

நர்ஸுக்கும் ஆபத்து உண்டு. ஆரோக்கியமான தோலில் ரத்தம் பட்டால் கழுவினால் போதும். வெடிப்புள்ள தோலில் நோயாளியின் ரத்தம் பட்டால், ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றைப் பொறுத்தவரை அது 'எக்ஸ்போஷர்' என்றே கணக்கு. அப்போது செய்ய வேண்டியது: சோப்பும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவுவது, தேய்க்காமல், பிளீச்சோ டெட்டாலோ ஊற்றாமல். உடனே மருத்துவமனையில் பதிவு செய்வது. ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம்தான் கடைசி எல்லை.

சோப்பா, ஹேண்ட் ரப்பா?

"சானிடைசர்தான் கையைக் கெடுக்குது, நான் சோப்பு போட்டே கழுவிக்கிறேன்." வார்டுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் ஆய்வுகள் சொல்வது நேர்மாறு.

ஆல்கஹால் குத்துவது, தோல் ஏற்கனவே உடைந்திருப்பதால். உடைத்தது பெரும்பாலும் சோப்பு. சோப்பு சிமெண்டைக் கரைத்துத் தண்ணீரோடு வெளியே கொண்டுபோய்விடும். ஹேண்ட் ரப் போடும்போது கழுவி ஊற்றுவது நடக்காது. மேலும், உலக சுகாதார நிறுவனத்தின் ஹேண்ட் ரப் சூத்திரத்தில் 80 சதவீத எத்தனால் அல்லது 75 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலோடு 1.45 சதவீதம் கிளிசரால் சேர்க்கச் சொல்கிறார்கள். அது தோலுக்காகவே சேர்ப்பது.

ஆகவே விதி எளிது:

• கண்ணுக்குத் தெரியும் அழுக்கு, ரத்தம், உடல் திரவம் பட்டிருந்தால்: சோப்பும் தண்ணீரும்
• கழிப்பறைக்குப் போய் வந்த பின்: சோப்பும் தண்ணீரும்
• க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற, ஆல்கஹாலில் சாகாத ஸ்போர் வகைக் கிருமி சந்தேகம் என்றால்: சோப்பும் தண்ணீரும்
• மற்ற எல்லா நேரமும்: ஹேண்ட் ரப்

இரண்டையும் அடுத்தடுத்து செய்யத் தேவையில்லை. கழுவிவிட்டு உடனே சானிடைசரும் போடுவது கூடுதல் பாதுகாப்பு இல்லை, கூடுதல் எரிச்சல். சுடுதண்ணீரும் வேண்டாம், அது கொழுப்பை இன்னும் வேகமாகக் கரைக்கும்.

கையுறை போட்டால் பிரச்னை தீருமா?

ஒரு சுவாரஸ்யமான உண்மை. அறுவை சிகிச்சைக் கையுறை நோயாளியைக் காப்பாற்ற உருவானதில்லை. ஒரு நர்ஸின் கை எக்ஸிமாவுக்காக உருவானது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-ல் திறக்கப்பட்டது. அங்கே அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸாக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். கிருமிநாசினியாகப் பயன்படுத்திய மெர்குரிக் குளோரைடு கரைசல் அவர் கைகளைப் புண்ணாக்கியது. வேலையை விடும் நிலை. அறுவை சிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்ய வைத்தார். 1890-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொற்றுகள் கையுறையால் குறைகின்றன என்பதை ஹால்ஸ்டெட்டின் குழுவில் இருந்த ஜோசப் பிளட்குட் சில வருடங்கள் கழித்துத்தான் கவனித்தார். நர்ஸின் கையைக் காப்பாற்றப் போய் நோயாளிகளைக் காப்பாற்றிய கதை.

ஆனால் அதே கையுறை இன்று பிரச்னையின் ஒரு பகுதியும்கூட. உள்ளே வியர்வை தேங்கும், தோல் ஊறும். ஹேண்ட் ரப் காய்வதற்குள் கையுறையை மாட்டினால் எரிச்சல் இரட்டிப்பாகும். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையுரம், கார்பமேட், மெர்காப்டோ வகை ரசாயனங்கள் ஒவ்வாமையை உண்டாக்கலாம். "லேட்டக்ஸ் ஒத்துக்கல, நைட்ரைலுக்கு மாறிட்டேன், அப்பவும் அரிக்குது" என்பவர்கள் கவனிக்க: பல நைட்ரைல் கையுறைகளிலும் இதே ரசாயனங்கள் உண்டு. இவை இல்லாமல் தயாராகும் கையுறைகளும் இருக்கின்றன.

லேட்டக்ஸ் புரதத்துக்கான ஒவ்வாமை வேறு விஷயம். போட்ட சில நிமிடங்களில் தடிப்பு, தும்மல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே கழற்றிவிட்டு மருத்துவ உதவி பெற வேண்டும். பவுடர் பூசிய கையுறைகளில் அந்தப் புரதம் பவுடரோடு காற்றில் பறக்கும். அமெரிக்கா 2017 ஜனவரியில் பவுடர் கையுறைகளைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பயன்பாட்டில் நினைவில் வைக்க வேண்டியவை:

• ரத்தம், உடல் திரவம், புண், ரசாயனம் படும் வேலைக்குத்தான் கையுறை. பி.பி. பார்க்க, நாடி பிடிக்க, ஃபைல் எழுத வேண்டாம்
• கை முழுதாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்
• கழற்றிய பின் கைசுத்தம் கட்டாயம். கையுறை கைசுத்தத்துக்கு மாற்று இல்லை
• கையுறையின் மேல் சானிடைசர் போட்டு அடுத்த நோயாளிக்குப் போகக் கூடாது
• நீண்ட நேரம் போட வேண்டிய, ஸ்டெரைல் அல்லாத வேலைகளில் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை உதவும்
• வாசலின் போன்ற பெட்ரோலிய கிரீம்கள் லேட்டக்ஸைப் பலவீனப்படுத்தும். டியூட்டி நேரத்தில் வேண்டாம்

தினசரி என்ன செய்யலாம்?

டியூட்டிக்கு முன்: மோதிரம், வளையல், வாட்ச் கழற்றிவிடுங்கள். மோதிரத்தின் அடியில் சோப்புநீர் தங்கும், வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

டியூட்டியில்: கழுவினால், ஒத்தி ஒத்தித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். விரல் இடுக்குகளை மறக்காதீர்கள். இடைவேளையிலும் ஷிஃப்ட் முடிவிலும் மாய்ஸ்சரைசர். விரல் நுனி, நக ஓரம், விரல் இடுக்கு ஆகிய மூன்றும் நாம் வழக்கமாக விட்டுவிடும் இடங்கள்.

வீட்டில்: பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் ரப்பர் கையுறை போடுங்கள். தோலுக்கு டியூட்டி ஈரம், வீட்டு ஈரம் என்று வித்தியாசம் தெரியாது. தக்காளி, எலுமிச்சை, பூண்டு, பச்சை மிளகாய் நறுக்கும்போதும் அப்படியே. இந்த இடத்தில் வீட்டில் இருக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை: மனைவியோ அக்காவோ நர்ஸ் என்றால், பாத்திரம் கழுவுவதை நீங்கள் எடுத்துக்கொள்வது உண்மையான மருத்துவ உதவி.

இரவில்: கெட்டியான மாய்ஸ்சரைசர் அல்லது வாசலின் தடவி, மேலே பருத்திக் கையுறை.

மெடிக்கல் ஷாப்பில் க்ரீம் வாங்கிப் போடலாமா?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஸ்டெராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ட்யூப் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைத்துவிடுகிறது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டெராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய பட்டியலில் சேர்த்தது. நடைமுறை என்ன என்பது நமக்கே தெரியும்.

கை எக்ஸிமாவுக்கு ஸ்டெராய்டு க்ரீம் நல்ல மருந்து. எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், அது எக்ஸிமாதானா என்பது. ஒரே ஒரு கையில் மட்டும் தோல் உரிந்து, காலிலும் அப்படி இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இரவில் அரிப்பு அதிகமாகி, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சொறிசிரங்காக இருக்கலாம். விரல் நுனியில் வலியோடு கொத்தாகக் கொப்புளம் வந்தால் ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம். இவற்றில் ஸ்டெராய்டு போட்டால் தொற்று பரவும். இந்த மூன்றும் எக்ஸிமாவைப் போலில்லாமல் மற்றவர்களுக்குத் தொற்றக்கூடியவை.

ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். சின்னச் சின்ன அளவில் பல பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அன்றும் அடுத்த சில நாட்களிலும் பார்ப்பார்கள். இந்தியாவுக்கென்று தனித் தொகுப்பு உண்டு. ரப்பர் ரசாயனங்களோடு பார்த்தீனியமும் அதில் இருக்கிறது. பெங்களூருவின் காலி மனைகளில் எல்லாம் மண்டிக்கிடக்கும் அதே 'காங்கிரஸ் புல்'. காரணம் கையுறையா, களையா என்று தெரியாமல் வருடக்கணக்கில் க்ரீம் தடவுவதைவிட, ஒரு வாரம் முதுகில் பட்டை ஒட்டிக்கொள்வது மேல்.

பயிற்சி வகுப்பு போதுமா?

இந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று உதவியாகப் பதில் சொல்கின்றன.

இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை நர்ஸ்களிடம் 'ஸ்கின்' என்ற ஆய்வு நடந்தது. கைப் பராமரிப்பு பற்றி நர்ஸ்களுக்குத் தனிப்பட்ட முறையில் அறிவுரையும் ஊக்கமும் கொடுத்து, மாய்ஸ்சரைசரும் கிடைக்கச் செய்தார்கள். 2019-ல் வந்த முடிவு: மாய்ஸ்சரைசர் பயன்பாடு கொஞ்சம் கூடியது, ஆனால் கை எக்ஸிமா உள்ளவர்களின் விகிதம் குறிப்பிடும்படி குறையவில்லை.

அதே ஆண்டு நெதர்லாந்தில் 'ஹெல்தி ஹேண்ட்ஸ்' ஆய்வின் முடிவும் வந்தது. அவர்கள் செய்தது வேறு. வார்டுச் சுவரில் க்ரீம் டிஸ்பென்சரை மாட்டி, அது எத்தனை முறை அழுத்தப்படுகிறது என்பதை மின்னணு முறையில் எண்ணி, அந்தந்த வார்டுக்கே தெரிவித்தார்கள். ஒரு வருடத்தில் அந்த வார்டுகளில் எக்ஸிமாவின் தீவிரம் மற்ற வார்டுகளைவிட அதிகமாகக் குறைந்தது.

ஏற்கனவே கை எக்ஸிமா வந்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. டென்மார்க்கில் 255 மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஒவ்வாமைப் பரிசோதனை செய்து, அவரவர் வேலைக்கு ஏற்ப ஆலோசனை கொடுத்தபோது, ஐந்தே மாதங்களில் பாதிப்பு குறைந்தது.

எனக்குப் புரிவது இது: "க்ரீம் போடுங்க சிஸ்டர்" என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவதைவிட, அதே சுவரில் க்ரீமையே மாட்டுவது பலன் தருகிறது. ஒரு மருத்துவமனை நிர்வாகம் செய்யக்கூடியவை கை நிறைய இருக்கின்றன:

• ஒவ்வொரு படுக்கை அருகிலும் கிளிசரால் உள்ள ஹேண்ட் ரப்
• நர்ஸ் ஸ்டேஷனிலும் ஓய்வறையிலும் மாய்ஸ்சரைசர் டிஸ்பென்சர்
• பவுடர் இல்லாத, சரியான சைஸ் கையுறைகள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாற்று வகை
• சோப்புக்கட்டிக்குப் பதில் மென்மையான திரவ சோப்பு, துடைக்கக் காகித டவல்
• கைசுத்தத் தணிக்கை செய்யும்போதே கைத் தோலையும் பார்ப்பது
• புகார் சொல்பவருக்கு ஷிஃப்ட் அலவன்ஸ் போகாது என்ற உறுதி

கடைசி அம்சத்துக்குத்தான் செலவே இல்லை. அது இல்லையென்றால் மற்றவை எல்லாம் வீண், ஏனென்றால் யாரும் கையை நீட்டிக் காட்டமாட்டார்கள்.

ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களை இந்தக் கணக்கில் விட்டுவிடக் கூடாது. பெங்களூரு மருத்துவமனைகளில் தரை துடைப்பவர்கள், கழிவு அள்ளுபவர்களில் தமிழ் பேசுபவர்கள் பலர். பலரும் ஏஜென்சி வழியாக வந்தவர்கள். ஹைப்போகுளோரைட்டிலும் பினாயிலிலும் நாள் முழுக்கக் கை வைப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குத் தேவை மெல்லிய பரிசோதனைக் கையுறை இல்லை, முழங்கை வரை வரும் கனமான ரப்பர் கையுறை.

சட்டம் என்ன சொல்கிறது?

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-ன்படி, மருத்துவமனை தன் பணியாளர்களுக்கும் கழிவைக் கையாளும் மற்றவர்களுக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். போதுமான பாதுகாப்பு உபகரணங்கள் தர வேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தப் பரிசோதனையில் கையைக் காட்டுவது உங்கள் உரிமை.

தொழில்சார் நோய்களுக்கு இழப்பீடு தரும் பட்டியல் ஒன்று உண்டு. முன்பு இ.எஸ்.ஐ. சட்டத்திலும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில் இப்போது இருக்கிறது. மருத்துவ, ஆய்வக வேலையில் வரும் தொற்றுநோய்களோடு, வேலையில் உடல்சார், ரசாயன, உயிரியல் காரணிகளால் வரும் தோல் நோய்களும் அதில் உண்டு. உரிமை கோர ஆவணம் வேண்டும். அதனால் முதல் தடவை கை வெடிக்கும்போதே ஓ.பி. சீட்டு போட்டுப் பதிவு செய்யுங்கள். தேதியோடு போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

• மாய்ஸ்சரைசர் ஒழுங்காகப் போட்டும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால்
• லீவில் சரியாகி, டியூட்டிக்குத் திரும்பியதும் மறுபடி வந்தால். இது வேலைதான் காரணம் என்பதற்கு முக்கியமான தடயம்
• மஞ்சள் பொருக்கு, சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே

நீர் கசியும் புண் கையில் இருக்கும்போது, அது ஆறும் வரை நோயாளியை நேரடியாகத் தொடும் வேலையிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பது தொற்றுத் தடுப்பின் பழைய விதி. இது தண்டனை ஆகிவிடக் கூடாது. சம்பளத்தில் கை வைக்காமல் வேறு வேலை தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.

நாள்பட்ட, தீவிரமான கை எக்ஸிமாவுக்கென்றே டெல்கோசிட்டினிப் என்ற ஸ்டெராய்டு அல்லாத க்ரீமுக்கு ஐரோப்பா 2024-லும் அமெரிக்கா 2025-லும் அனுமதி கொடுத்திருக்கின்றன. ஆனால் கை தினமும் 80 முறை நனைந்துகொண்டே இருந்தால், எந்த க்ரீமும் தனியாக ஜெயிக்க முடியாது.

ஒவ்வொரு மே 5-ம் தேதியும் உலகக் கைசுத்த தினம். மருத்துவமனைகளில் பேனர் கட்டுவார்கள், கைகழுவும் ஆறு படிகளை ஆடிக் காட்டி ரீல்ஸ் போடுவார்கள். இந்த முறை உங்கள் வீட்டிலோ பி.ஜி.யிலோ ஒரு நர்ஸ் இருந்தால், ரீல்ஸுக்கு லைக் போடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், "கையைக் காட்டுங்க சிஸ்டர்" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என் ரூம்மேட்டிடம் நான் ஸ்பூனை எடுத்துக் கொடுத்ததோடு நின்றுவிட்டேன். அப்போது எனக்கு இந்தக் கணக்கு தெரியாது.